பொம்மை போட்ட புத்தகம்

"பொம்மை போட்ட புத்தகமா?" என்று கேட்பதில் ஒரு தொனி இருக்கிறது. அதை எழுத்தில் காட்ட முடியாது. ஆனால் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அது காதில் விழும். கேட்கிறவர் கெட்டவர் அல்ல; பிள்ளை படித்து முன்னேற வேண்டுமே என்று இராப்பகலாகக் கவலைப்படுகிறவர்தாம். எழுத்துத் தெரிகிற வரையில் படம் இருக்கட்டும்; எழுத்துக் கூட்ட வந்துவிட்டால் படத்தை எடுத்துவிட வேண்டும்; படம் குறையக் குறையப் படிப்பு ஏறும் என்பது அவருடைய சித்தாந்தம். பால்குடியை மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுகிற மாதிரி, பிள்ளையின் கண்ணிலிருந்து சித்திரத்தை மறக்கடிப்பதே கல்வியின் முதல் வேலை என்று அவர் நம்புகிறார்.

இந்தச் சித்தாந்தத்தோடு எனக்குச் சண்டை.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன வந்தது என்று கேட்கலாம். வந்ததுதான் ஐயா. இருபது வருஷம் கழித்து நாவல் படிக்க வேண்டிய வாசகனும் வாசகியும் இன்றைக்கு ஐந்து வயதுப் பிள்ளைகளாக எங்கள் இலத்தூர்த் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் என்றாலே பரீட்சை என்று அவர்களுக்கு இன்று கற்றுக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அவர்களை எந்தக் கொம்பன் எழுதினாலும் இழுத்து வர முடியாது. "தமிழில் படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்" என்று மேடைதோறும் அழுகிறோமே, அந்த அழுகைக்குக் காரணம் கல்லூரியிலும் இல்லை, சினிமாவிலும் இல்லை. பிள்ளை முதல் புத்தகத்தைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளச் சொல்லுகிறேன். சித்திரத்தின்மேல் நமக்கு வெறுப்பு என்பது சுத்தப் பொய். இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களில் பலருடைய வீட்டுப் பரணில், வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்டு செய்த புத்தகம் ஒன்றாவது இருக்கும். உங்கள் ஆச்சி வைத்துவிட்டுப் போனது. அந்த பைண்டு புத்தகத்துக்கு வீட்டில் இன்றும் ஏன் மதிப்பு? கதையைத்தான் பத்துப் பதிப்பகத்தார் அச்சடித்து விற்கிறார்களே! படத்துக்காகத்தான். 1950இல் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். கல்கியின் எழுத்துக்கும் மணியத்தின் கோட்டுக்கும் நடுவில் பாகப்பிரிவினை செய்ய அன்று எந்த வாசகருக்கும் தோன்றவில்லை. குந்தவையின் கொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் பலர் அத்தியாயத்தையே ஆரம்பித்தார்கள். அவர்களை யாரும் 'பொம்மை பார்க்கிறவர்கள்' என்று சொல்லவில்லை.

அதையும் விடுங்கள். கோவில்பட்டியில் குடியிருந்த கொண்டையா ராஜு (1898-1976) என்ற மனிதரும் அவருடைய சிஷ்யர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டின் சுவர்களை எல்லாம் நிரப்பின. வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பூஜையில் வைத்தவர்கள் நாம். நாடக மேடைக்குத் திரை எழுதிக்கொண்டிருந்த ஓர் ஓவியரின் கைவேலைக்குக் கற்பூரம் காட்டிய ஜனங்கள், பிள்ளையின் புத்தகத்தில் படம் இருந்தால் மட்டும் முகம் சுளிப்பானேன்?

இன்னும் பக்கத்தில் வாருங்கள். எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல இருப்பது குற்றாலம். சாரல் காலத்தில் அருவிக் கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது அந்தச் சித்திர சபைக்குள் எட்டிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கூத்தனுக்கு ஐந்து சபைகள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம். குற்றாலத்தில் சித்திரம். இங்கே நடராஜப் பெருமான் விக்கிரகமாக இல்லை. சுவரில் தீட்டிய ஓவியமாகவே நின்று ஆடுகிறார், ஓவியமாகவே பூஜையும் ஏற்றுக்கொள்ளுகிறார். கடவுளே படமாக இருக்கச் சம்மதித்த சீமையில் உட்கார்ந்துகொண்டு, "படம் எல்லாம் பால்குடிப் பிள்ளைகளுக்கு" என்று பேசுவது நமக்கே நன்றாக இருக்கிறதா?

ஆகவே நமக்கு இளக்காரம் படத்தின்மேல் அல்ல. பிள்ளையின்மேல். பெரியவர்கள் பார்க்கிற படம் கலை, பிள்ளை பார்க்கிற படம் பொம்மை. இந்த இளக்காரம் கடைத்தெருவில் என்ன வேலை செய்திருக்கிறது என்பதைத் தென்காசியில் பார்த்தேன். ஒரு கடையில் ஏறி, "அண்ணாச்சி, சின்னப் பிள்ளைகளுக்குப் படம் போட்ட கதைப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எல்.கே.ஜி.யா, யு.கே.ஜி.யா சார்?" என்றார்.

கதைக்கு ஏது ஐயா எல்.கே.ஜி.? ஆனால் அவர்மேல் குற்றம் இல்லை. அவரிடம் வருகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அவர் எடுத்துப் போட்டதும் அந்தக் கேள்விக்கு ஏற்ற சரக்குத்தான். பழங்கள் அட்டை, காய்கறிகள் அட்டை, வாகனங்கள் அட்டை. ஆங்கில எழுத்துக்கு ஆப்பிளும் பந்தும் பூனையும். தமிழ் எழுத்துக்கு அணிலும் ஆடும் இலையும். எந்தப் படத்திலும் எந்த உயிரும் எதையும் செய்யவில்லை. அணில் மரத்தில் ஏறவில்லை, ஆடு மேயவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ எடுத்த மாதிரி எல்லாம் நேராக நின்றுகொண்டு, "என் பெயர் என்ன, சொல்லு" என்று பிள்ளையை மிரட்டுகின்றன. 'கதை' என்று கொடுத்த நாலைந்திலும் முக்கால் பங்கு முயலும் ஆமையும், காக்காயும் நரியும். கம்ப்யூட்டரில் ஊதிப் பெருக்கின கண்களோடு, ஒரே அச்சில் வார்த்த முகங்கள். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி, 'நீதி'. வரைந்தவர் பெயரை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. பெயர் போட்டுக்கொள்ள அவருக்கே மனசு வரவில்லையோ என்னவோ!

படப் புத்தகம் என்பது இது அல்ல. பின்னே எது என்று கேட்டால், ஒரு கோழியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

1968இல் பாட் ஹட்சின்ஸ் என்ற பெண்மணி, ரோஸி என்ற கோழி உலாவப் போவதை ஒரு புத்தகமாகப் போட்டார். மொத்தப் புத்தகத்திலும் 32 சொற்கள்தாம். அத்தனையும் ஒரே வாக்கியம். கோழி முற்றத்தைக் கடந்தது, குளத்தைச் சுற்றியது, வைக்கோல் போரில் ஏறியது என்று போய், சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வந்தது என்று முடிந்துவிடுகிறது. சொற்களை மட்டும் படித்தால், "இதை அச்சுப் போட்ட புண்ணியவான் யார்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் படத்தைப் பாருங்கள். கோழிக்குப் பின்னால் ஒரு நரி வருகிறது! பாய்கிறது, தவறுகிறது, குளத்தில் விழுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. கோழி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்திலும் நரியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாசிக்கிற அப்பா கோழியைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறார். மடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் நரியைப் பார்க்கிறது. "அப்பா, நரி! நரி!" என்று கத்துகிறது. எழுத்துத் தெரிந்தவருக்குத் தெரியாதது எழுத்துத் தெரியாத பிள்ளைக்குத் தெரிகிறது. அந்த நிமிஷத்தில் பிள்ளைதான் வித்வான், அப்பா பின்பாட்டு.

கதை எழுதுகிற தொழிலில் இதைவிடப் பெரிய வித்தை எனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டதை வாசகன் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாங்கள் முந்நூறு பக்கம் எழுதித் தவிக்கிறோம். அந்த அம்மாள் 32 சொற்களில் சாதித்துவிட்டார். இதைப் பழகின பிள்ளைதான் நாளைக்கு ஒரு நாவலில் கதாபாத்திரம் சிரிக்கிறபோது அதன் உள்ளே அழுவதைக் கேட்கும். பழகாத பிள்ளை, "முடிவில் என்ன நீதி?" என்று கேட்கும்.

இங்கேதான் என்னுடைய இரண்டாவது சண்டை. தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களில் பலர் கதையை ஒரு மாத்திரை என்று நினைக்கிறார்கள். சர்க்கரைப் பூச்சு கதை. உள்ளே கசப்பு மருந்து நீதி. பிள்ளை சர்க்கரையை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடுமே என்ற பயத்தில் மருந்தைக் கடைசிப் பக்கத்தில் தனியாகக் கட்டம் கட்டியும் வைக்கிறார்கள். பிள்ளைக்கு மூளை கிடையாது என்ற அனுமானத்தின் மேல் கட்டிய வியாபாரம் இது.

டில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1957இல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டை ஏற்படுத்தினார். அங்கிருந்து வந்த பழைய புத்தகம் 'மகாகிரி'. எழுதியவர் ஹேமலதா, படம் புலக் பிஸ்வாஸ். மகாகிரி ஓர் யானை. கோயில் திருவிழாவுக்குக் கொடிக்கம்பம் நட வேண்டும். கம்பத்தைத் தூக்கி வந்த யானை, தோண்டி வைத்த குழியில் அதை இறக்க மாட்டேன் என்கிறது. பாகன் அதட்டுகிறான், அங்குசத்தால் குத்துகிறான். யானை அசையவில்லை. கடைசியில் பார்த்தால் குழிக்குள் ஒரு பூனைக்குட்டி. அவ்வளவுதான் கதை.

இந்தப் புத்தகத்தின் ஆங்கிலப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லுவதை எங்கள் ஊர்த் தமிழில் சொல்லி, இலத்தூரில் என் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் காட்டினேன். யானைப் படம் வந்ததும் எல்லாரும் புத்தகத்தின்மேல் கவிழ்ந்துவிட்டார்கள். பூனைக்குட்டி வந்த பக்கத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்கள். புத்தகத்தை மூடினேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தானாகக் கேட்டான்: "மாமா, அந்தப் பாகன் ஏன் குழிக்குள்ள எட்டிப் பாக்கல?"

அவனைவிடச் சின்னவள், இன்னும் பள்ளிக்கூடம் போகாதவள், சட்டென்று சொன்னாள்: "அவரு யானையை அடிச்சுக்கிட்டு இருக்காருல்லா, பொறவு எப்படிக் குழியைப் பாப்பாரு?"

நீதி நூல் எழுதுகிற மகான்களே, இதற்கு மேல் கட்டம் கட்டி என்ன போடப் போகிறீர்கள்? 'ஜீவகாருண்யம் வேண்டும்' என்றா? 'ஆத்திரம் கண்ணை மறைக்கும்' என்றா? அடிக்கிறவனுக்குக் காரணம் கண்ணில் படாது என்று அந்தப் பெண் சொன்னது அதைவிட ஆழமாக இல்லையா? நாம் சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் அதை ஒப்பித்திருப்பாள். சொல்லாமல் விட்டதால் கண்டுபிடித்தாள். ஒப்பிப்பதற்கும் கண்டுபிடிப்பதற்கும் உள்ள தூரந்தான் பாடப் புத்தகத்துக்கும் படப் புத்தகத்துக்கும் உள்ள தூரம்.

"எல்லாம் சரி. இந்த மாதிரிப் புத்தகம் தமிழில் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். இருக்கிறது. தேடாதவர்கள்தான் இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.

நமக்கு இது புதுச் சொத்தும் அல்ல. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் ஆரம்பித்த 'அம்புலிமாமா'வில், வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு உருவின வாளோடு நடக்கிற விக்கிரமாதித்தனைப் பார்த்துப் பயந்தவர்கள்தாம் நம் தாய் தகப்பன்மார்கள். அதை வரைந்த சங்கர் 2020இல் காலமானார். பத்திரிகை அதற்கும் முன்பே நின்றுபோயிற்று. என் பள்ளிக்கூட நாள்களில் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த புத்தகங்கள் கைக்குக் கிடைத்தன. அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது' அப்படி வந்ததுதான். நோயில் படுத்த மகளுக்கு ஒரு தகப்பன் தன் சின்ன வயது அசட்டுத்தனங்களைச் சொல்லுகிற கதைகள். அப்பாவும் ஒரு காலத்தில் அசடாக இருந்தார் என்ற மகத்தான செய்தியை எந்த நீதி நூல் எனக்குச் சொன்னது? சோவியத் தேசம் 1991இல் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. தமிழை அச்சடித்துத் தர மாஸ்கோவுக்கு ஆள் இருந்தது. தமிழ்நாட்டில் அதற்கு ஈடு கட்ட உடனே யாரும் வரவில்லை என்பது நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் வந்தார்கள். 1957இல் ஆரம்பித்த நேஷனல் புக் டிரஸ்ட் எல்லாப் பாஷைகளிலும் மலிவாகக் குழந்தைப் புத்தகம் போட்டது, இன்றும் போடுகிறது. 1996இல் சென்னையில் ராதிகா மேனன் ஆரம்பித்த 'தூலிகா', ஒரே புத்தகத்தைத் தமிழ் உள்ளிட்ட ஒன்பது பாஷைகளில் கொண்டுவருகிறது. தென்காசியில் நடந்த புத்தகத் திருவிழாவில் அவர்களுடைய 'எக்கி டொக்கி' எனக்குக் கிடைத்தது. ஒற்றை முடிக்காரி ஒருத்தி, இரட்டை முடிக்காரி ஒருத்தி, இரண்டு பேரும் அக்கா தங்கை. இரட்டை முடிக்காரிக்கு அந்த ஒரு முடி அதிகத்தில் தலைகால் தெரியாத கர்வம்! மராட்டிய தேசத்து நாடோடிக் கதை. இதை இரண்டு சடை போட்ட ஒரு பெண் குழந்தையிடம் காட்டிவிட்டு, அது தன் சடையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுகிற அழகைப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், செலவழித்த காசு வீண் என்று.

சென்னையிலேயே இன்னொரு பதிப்பகம் 'தாரா'. 1994இல் கீதா உல்ஃப் ஆரம்பித்தது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் மூவர், இரவில் மரங்கள் என்ன ஆகின்றன என்று தங்கள் ஜனங்கள் சொல்லிவந்ததை வரைய, அதைக் கறுப்புக் காகிதத்தில் பக்கம் பக்கமாகக் கையாலேயே ஸ்கிரீன் அச்சில் அடித்துப் புத்தகம் ஆக்கினார்கள். 2006இல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு 2008இல் இத்தாலியில் பொலோனியா குழந்தைப் புத்தகச் சந்தையின் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் கை அடித்த புத்தகத்தை ஐரோப்பியப் பிள்ளைகள் புரட்டுகிறார்கள். தென்காசியில் நான் ஏறி இறங்கின கடைகளில் அது கண்ணில் படவில்லை. பிரதம் புக்ஸ் என்ற நிறுவனம் 2015 முதல் 'ஸ்டோரிவீவர்' மூலமாகப் படக் கதைகளை இலவசமாகவே தருகிறது; தமிழிலும் இருக்கிறது, அச்சிட்டுக்கொள்ளவும் தடை இல்லை.

எல்லாவற்றையும்விட வேடிக்கை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் 'வாசிப்பு இயக்கம்' என்று ஆரம்பித்து, நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்து, மெல்லிய படக் கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது. பெயரே எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்! ஆக, அரசுப் பள்ளிக்குப் போகிற கூலிக்காரர் மகளுக்குக் கதைப் புத்தகம் கிடைக்கிறது. மஞ்சள் வேனில் ஏறி ஆயிரக் கணக்கில் பணம் கட்டிப் படிக்கப் போகிற நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு அணிலின் போலீஸ் போட்டோ கிடைக்கிறது. யார் ஏழை?

இப்போது ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

விலை அதிகம் என்பது முதல் ஆட்சேபணை. பிரானூர் பார்டரில் ஒரு குடும்பம் உட்கார்ந்து பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிற செலவில் நாலைந்து நல்ல படப் புத்தகம் வாங்கலாம். பரோட்டாவுக்கு நான் விரோதி அல்ல. சாரலோடு அது சேர்கிற சேர்த்தி எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு இருக்கிற பணம் இதற்கு இல்லை என்று சொல்லாதீர்கள். வாங்கவே முடியாதவர்களுக்கு நூலகம் இருக்க வேண்டும். 1948ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம், எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் பலனாக இன்றும் நாம் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். நம் காசு ஐயா அது! மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி கண்ணைப் பறிக்கிறது என்றால் சந்தோஷம். ஆனால் மதுரைக்கு எங்கள் பிள்ளைகள் தினம் சாயங்காலம் போய்வர முடியாது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் போய், தரையில் உட்கார்ந்து பிள்ளை எடுத்துப் பார்க்கிற உயரத்தில் எத்தனை படப் புத்தகம் இருக்கிறது என்று கேளுங்கள். "பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம், பிள்ளைகள் கிழித்துவிடும்" என்று பதில் வந்தால், கிழியட்டும் என்று சொல்லுங்கள். கிழியாத படப் புத்தகம் படிக்காத படப் புத்தகம்.

செல்போனில் ஆயிரம் படம் வருகிறதே என்பது அடுத்தது. வருகிறது, நிற்கிறதா? செல்போன் படம் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. புத்தகப் படம் பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. பக்கத்தைத் திருப்புவதும் திருப்பாமல் வைத்திருப்பதும் பிள்ளையின் இஷ்டம். எரிக் கார்ல் 1969இல் போட்ட புழுப் புத்தகத்தில், புழு தின்ற இடமெல்லாம் காகிதத்தில் நிஜமாகவே ஓட்டை. அதில் விரலை விட்டுப் பார்க்காத பிள்ளை கிடையாது. செல்போன் கண்ணாடியில் விரலை விட முடியுமா? தவிர, செல்போனைக் கொடுத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விடலாம். படப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கூட உட்கார வேண்டும். நம்மில் பலருக்கு அதுதான் உண்மையான ஆட்சேபணை என்று நான் சந்தேகப்படுகிறேன்.

மூன்றாவது, "இங்கிலீஷ் வர வேண்டாமா?" என்பது. வரட்டும். ஆனால் வீட்டில் ஆச்சி இருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது; பல வீடுகளில் தமிழ் எழுத்தும் தெரியாது. பேத்திக்கும் எழுத்துத் தெரியாது. எழுத்தே தெரியாத இரண்டு பேர் சேர்ந்து படிக்கக்கூடிய ஒரே புத்தகம் உலகத்தில் படப் புத்தகந்தான். ஆச்சி யானையைப் பார்த்து ஒரு கதை சொல்லுவாள். பேத்தி அதே யானையைப் பார்த்து வேறொரு கதை சொல்லுவாள். ஆப்பிளும் பந்தும் போட்ட புத்தகத்தை நடுவில் வைத்தால் இரண்டு பேரும் ஊமைகள்.

கடைசியாக என் சொந்த ஜாதியான நாவலாசிரியர்களிடம் வருகிறேன். தாகூருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு 17 வருஷம் கழித்து, 1930இல், வங்காளப் பிள்ளைகளுக்கு 'ஸஹஜ் பாட்' எழுதினார். படம் போட்டவர் நந்தலால் போஸ். டால்ஸ்டாய் 1869இல் 'போரும் அமைதியும்' முடித்தார். 1872இல் குடியானவர் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி போட்டார். மகாசுவேதா தேவி, எதற்கெடுத்தாலும் "ஏன், ஏன்?" என்று கேட்கிற மொய்னா என்ற சபர ஜாதிச் சிறுமியைப் படப் புத்தகத்தில் உட்கார வைத்தார், தூலிகா வெளியிட்டது. எங்கள் பக்கத்துக் கடையத்தில் வந்து வாழ்ந்த பாரதி, தேசத்தையே எழுப்பின குரலைத் தாழ்த்திப் பாப்பாவுக்குப் பாடினார். இவர்கள் யாருக்கும் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை. நம் எழுத்தாளர்களுக்குத்தான் குறைந்துவிடும் என்று பயம். "குழந்தைக்கு எழுதுகிறீர்களாமே?" என்று யாராவது கேட்டால், கடன் வாங்கினதைக் கேட்ட மாதிரி நெளிகிறார்கள்.

விஷயமா இல்லை? குற்றாலக் குறவஞ்சிக்காரர் மேலகரத்திலிருந்து பார்த்துவிட்டு மலையையும் அருவியையும் குரங்குக் கூட்டத்தையும் பாடி வைத்தாரே, அது பக்கத்துக்கு ஒரு சித்திரமாகக் காத்துக் கிடக்கிறது. கி. ராஜநாராயணன் ஆயுசெல்லாம் கரிசல் காட்டு நாடோடிக் கதைகளைச் சேகரித்து வைத்துவிட்டு 2021இல் போய்ச் சேர்ந்தார். அவற்றில் எத்தனை கதைக்கு, கதைக்கு ஒரு புத்தகமாக, நல்ல ஓவியர் ஒருவர் உட்கார்ந்து படம் எழுதியிருக்கிறார்? அச்சு வசதி இல்லையா? கார்லின் ஓட்டைப் புத்தகத்தை அமெரிக்காவில் கட்டுப்படியாகிற விலையில் அடிக்க வழியில்லாமல் முதல் பதிப்பை ஜப்பானில் அடித்தார்கள். நமக்கு ஜப்பான் வேண்டாம். தென்காசியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் சிவகாசி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை வெட்டி நிறுத்துகிற ஊருக்குப் புழு தின்ற ஓட்டை போடத் தெரியாதா? கதை இருக்கிறது, ஓவியர் இருக்கிறார், அச்சுக்கூடம் இருக்கிறது. இல்லாதது மரியாதை. ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி அனுப்பிவிடுகிற பழக்கம் ஒழிய வேண்டும். எழுதினவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வரைந்தவர் பெயரும் அட்டையில் வர வேண்டும்.

நான் கேட்பது அதிகம் இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்கிறபோது தமிழில் ஒரு படப் புத்தகமும் எடுங்கள். அட்டையில் ஓவியர் பெயர் இல்லாத புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி இருந்தால் அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள். இராத்திரி பத்து நிமிஷம் பிள்ளையோடு உட்காருங்கள். நீங்கள் எழுத்தைப் படியுங்கள், பிள்ளை நரியைப் பார்க்கட்டும். நூலக வரி ரசீதை எடுத்துக்கொண்டு உங்கள் கிளை நூலகத்துக்குப் போய், பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஐந்து வயது ஒரே ஒரு வருஷந்தான் இருக்கும்.